ஆயுதச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வருபவர்கள் காட்டும் சோதனைத் திட்டங்களைப் பார்த்தால், இருபது வருடத்துக்கு முன் நான் எழுதியவையே திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. கேபிள், பேட்டரி சமாசாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சோதனையில் ஆயுதத்தை யார் இயக்குவது?

வடிவமைத்தவர் அல்ல. தூக்கம் கெட்டுக் களைத்துப்போன ஜவான்.

அளக்கும் கருவியை நம்பிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் சுட்ட மார்க் 14 டார்பிடோக்கள், அதாவது நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டுகள், எதிரிக் கப்பலுக்கு அடியில் நழுவிப் போயின. சோதனையில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது? அங்கேதான் கோளாறு. ஓடி முடித்ததும் மிதக்க வேண்டும், எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று வெடிமருந்துத் தலைக்குப் பதில் எடை குறைந்த பயிற்சித் தலையைப் பொருத்தியிருந்தார்கள். கனமான நிஜத் தலையோடு டார்பிடோ இன்னும் ஆழத்தில் ஓடியது. போதாததற்கு, ஆழத்தைப் பதிவு செய்த கருவியிலும் டார்பிடோவின் ஆழக் கட்டுப்பாட்டில் இருந்த அதே பிழை. இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லின.

1942 ஜூனில், அங்கிருந்த அமெரிக்க நீர்மூழ்கிகளின் தலைவர் அட்மிரல் லாக்வுட், ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே கடலில் மீன்வலையைக் கட்டிச் சுட வைத்தார். தலையில் நிஜ எடை. 10 அடி ஆழத்துக்கு வைத்த முதல் டார்பிடோ வலையைக் கிழித்தது 25 அடியில்!

கருவியை நம்பும் இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் சைட்டையும் அதைச் சரிபார்க்கும் கருவியையும் ஒரே தகட்டில் பொருத்தினேன். வெயிலில் தகடு வளைய, இரண்டும் சேர்ந்தே திரும்பின. பிழை பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஒரு ஹவில்தார் இலக்குத் துணியின் இடது ஓரத்து ஓட்டைகளில் விரலை விட்டுக் காட்டினார். தகட்டைப் பிரித்துச் சரிசெய்ய மூன்று மாதம் போனது. சோதிக்கும் பொருளோடு எந்த உறவும் இல்லாத ஓர் அளவு உங்கள் திட்டத்தில் இருக்கிறதா? துணியோ, வலையோ, எதுவாகவும் இருக்கட்டும்.

எத்தனை தடவை?

இரண்டு போதாது.

குறை சொல்பவரைக் குற்றவாளியாக்குவது

அதே டார்பிடோ மோதியும் வெடிக்கவில்லை என்று சொன்ன கேப்டன்களுக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்றுதான் மேலிடத்தில் முதலில் பழித்தார்கள். 1943 ஜூலையில் டினோசா நீர்மூழ்கி, ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் ஒன்றின்மேல் 15 டார்பிடோக்களைச் சுட்டது. அசையாமல் நின்ற கப்பலில் நேராக மோதியும் பெரும்பாலானவை வெடிக்கவில்லை. மிச்சம் ஒன்றை கேப்டன் டாஸ்பிட் சுடாமல், சோதித்துப் பார்க்கட்டும் என்று திருப்பிக் கொண்டுவந்தார். அப்புறம்தான் ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் வெடிமருந்து இல்லாத தலைகளைக் கிரேனில் 90 அடி உயர்த்தி இரும்புத் தகட்டில் போட்டுப் பார்த்தார்கள். செங்குத்தாக விழுந்த 10-ல் 7-ன் வெடியமைப்பு வேலை செய்யவில்லை.