வேற்றுலக அறிவுயிர் பற்றி ஊரில் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய் வானம் காட்டுகிறோம். நிலாவையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்த கையோடு கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அங்கெல்லாம் நம்மள மாதிரி யாராச்சும் இருக்காங்களா சார்?"

இப்போதெல்லாம் இதற்குப் பதில் சொல்வது புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள். ஆரம்பத்தில் நாங்கள் உளறியதை ஒரு சொல் மாறாமல் அவர்களும் உளறுகிறார்கள். பின்வரிசையில் நின்று கேட்கும்போது கை துறுதுறுக்கிறது. அதனால்தான் இது. மைக் பிடிப்பது, குழந்தைகளை வரிசையில் நிறுத்துவது போன்றவை தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பறக்கும் தட்டில் ஆரம்பிப்பது

வேண்டாம். வரிசையாக ஊர்ந்து போகும் வெளிச்சப் புள்ளிகள் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

உயிரையும் அறிவையும் ஒரே பையில் போடுவது

"செவ்வாயில் தண்ணீர் ஓடியிருக்கிறது, அப்படியானால் வேற்றுலக மனிதர்கள் இருக்கலாம்" என்று ஒரு தாவு தாவுகிறார்கள். நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று பூமியையே பாருங்கள். பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். உயிரின் தடயங்கள் 350 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே கிடைக்கின்றன. ஆனால் விலங்கு என்று சொல்லத்தக்க ஒன்று வந்து 60 கோடி ஆண்டுகள்தான் இருக்கும். மனித இனத்துக்கு மூன்று லட்சம். வானொலி அலை அனுப்பத் தெரிந்து நூற்றுச் சொச்சம். வேறெங்கிருந்தோ ஒருவர் பூமியை நோக்கி "யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்திருந்தால், இந்தக் கோளின் வாழ்நாளில் பெரும்பகுதி பதில் சொல்ல நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்திருக்கும்.

வெள்ளிக் கோளில், உயிரின் தடயமாக இருக்கலாம் எனப்பட்ட பாஸ்பீன் வாயு இருக்கிறது என்று 2020-இல் வந்த செய்தியும், 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி கோளின் காற்றில், பூமியில் உயிர்கள் உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள் இருப்பதாக ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை வைத்து வந்த செய்தியும் இந்த வகைதான். இரண்டும் இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. நாளைக்கே உறுதியானாலும் அவை பேசுவது நுண்ணுயிர் பற்றித்தான்.

பெரிய எண்ணைக் காட்டித் தீர்ப்புச் சொல்வது

எனக்கு இன்றும் ஆற்றமாட்டாத எரிச்சல் இதில்தான். பேச்சு இப்படிப் போகும்: "நம் பால்வெளியில் மட்டும் 10,000 கோடிக்கு மேல் விண்மீன்கள். சராசரியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு கோளாவது உண்டு. இத்தனையிலும் நாம் மட்டும்தான் என்றால் நம்ப முடியுமா?" கூட்டம் கைதட்டும். பேசியவருக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இப்படிக் கைதட்டல் வாங்கிய பையனிடம், பேத்தியைக் கூட்டிவந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "வெத எத்தன மூட்டைன்னு சொன்னீங்க தம்பி. மொளப்பு எத்தனன்னு சொல்லலயே?" பையன் சிரித்துவிட்டு, "அதெல்லாம் நெறைய இருக்கும் தாத்தா" என்றான். அந்த இரவில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வியை அவன் அப்படித் தள்ளிவிட்டான்.

குறுவைக்கு விதை எடுக்கிற வீடுகளில் நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து முளைப்புப் பார்ப்பார்கள். சான்று விதை என்றால் நூற்றுக்கு 80-ஆவது முளைக்க வேண்டும். நமக்கு நிலைமை என்ன? மூட்டைகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன, கையில் பார்த்தது ஒரே ஒரு விதை. அதுவும் முளைத்த விதை. முளைக்காத கோளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது அல்லவா? ஆகவே பூமி முளைத்திருப்பதை வைத்து மற்றவற்றின் முளைப்பைக் கணக்கிட முடியாது. நூற்றில் எண்பதும் இருக்கலாம், பல கோடி கோடியில் ஒன்றும் இருக்கலாம். இரண்டுக்கும் நம் பூமி ஒரே மாதிரிதான் தெரியும்.

இங்கே கொஞ்சம் படித்தவர்கள் டிரேக் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். வானியலாளர் பிராங்க் டிரேக் அதை 1961-இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் நடந்த ஒரு சிறிய கூட்டத்துக்காக எழுதினார். எதைப் பற்றியெல்லாம் விவாதிக்க வேண்டும் என்று கூட்டத்துக்குப் போட்ட பட்டியல் அது. ஆண்டுக்கு எத்தனை விண்மீன் பிறக்கிறது, அவற்றில் எத்தனைக்குக் கோள் உண்டு, ஒன்றுக்கு எத்தனை வாழத்தக்க கோள், எத்தனையில் உயிர் தோன்றும், எத்தனையில் அறிவு வரும், அவற்றில் எத்தனை நாகரிகம் வானொலிச் சைகை அனுப்பும், எவ்வளவு காலம் அனுப்பும் என்று ஏழு காரணிகள். ஏழையும் பெருக்கினால் பால்வெளியில் சைகை அனுப்பிக்கொண்டிருக்கும் நாகரிகங்களின் எண்ணிக்கை வரும். முதல் இரண்டும் இன்று ஓரளவு தெரியும். 1995-இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்ததும், பிறகு கெப்ளர் தொலைநோக்கி ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்ததும் அதற்கு உதவின. மூன்றாவதற்கு உத்தேசக் கணக்கு இருக்கிறது. மீதி நான்கும் இருட்டு.

போட்டுப் பாருங்களேன். ஆண்டுக்கு 2 விண்மீன், எல்லாவற்றுக்கும் கோள், ஐந்தில் ஒன்றுக்கு வாழத்தக்க கோள். உயிரும் அறிவும் கட்டாயம் வரும், பத்தில் ஒன்று சைகை அனுப்பும், 10,000 ஆண்டு அனுப்பும் என்றால் விடை 400. பால்வெளியில் 400 நாகரிகங்கள், அமர்க்களம். இப்போது இரண்டே இரண்டை மாற்றுங்கள்: உயிர் தோன்றுவது கோடியில் ஒன்று, அதில் அறிவு வருவது ஆயிரத்தில் ஒன்று. விடை 0.00000004. அதாவது நம்முடையதைப் போன்ற இரண்டரைக் கோடி விண்மீன் மண்டலங்களைத் துழாவினால் ஒன்று கிடைக்கும். இரண்டு கணக்கிலும் தப்புக் கண்டுபிடிக்க இன்று யாராலும் முடியாது. 1961 கூட்டத்திலேயே ஆயிரத்திலிருந்து பத்துக் கோடி வரை என்றுதான் முடித்தார்கள்.

"பூமி குளிர்ந்ததும் சீக்கிரமே உயிர் வந்துவிட்டதே, அப்படியானால் எளிதுதானே?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல வாதம், ஆனால் அரைகுறை. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டு போகிறது. இன்னும் 100 கோடி ஆண்டு வாக்கில் பூமியின் கடல்கள் தாங்காது. நுண்ணுயிரிலிருந்து மனிதனுக்கு வர 350 கோடி ஆண்டு பிடித்தது. உயிர் மிகவும் தாமதமாகத் தொடங்கியிருந்தால் இதைப் பேச நாம் வந்து சேர்ந்திருக்கவே மாட்டோம். சீக்கிரம் தொடங்கிய கோளில்தான் நாம் இருக்க முடியும் எனும்போது, சீக்கிரம் தொடங்கியதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்ல முடியாது.

இதன் விலை என்ன என்று கேட்பீர்கள். நாங்கள் போய்வந்த ஒரு பள்ளியிலிருந்து ஒரு பையன் அறிவியல் கண்காட்சியில் அட்டை வைத்திருந்தான். மேலே பளபளவென்று 'வேற்றுலக நாகரிகங்கள்: 14,000'. கணக்கில் நாகரிகத்தின் ஆயுள் காலத்துக்குப் போட்ட எண் எங்கிருந்து வந்தது என்று நடுவர் கேட்டார். "வானம் காட்ட வந்த அண்ணன் சொன்னாங்க." நடுவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு குழந்தை ஊகத்தை உண்மை என்று மனப்பாடம் செய்துவிட்டது. அதை அழித்து எழுதப் போவது யார்?

"இவ்வளவு தேடியும் காணோமே, அப்போ இல்லை"

போன தவறுக்கு நேர் எதிர்த் தவறு. 1950-இல் இயற்பியலாளர் என்ரிகோ பெர்மி சாப்பாட்டு மேசையில் "எல்லாரும் எங்கே?" என்ற கருத்தில் கேட்டதை இதற்குத் துணைக்கு இழுப்பார்கள். அவர் கேட்டது கேள்வி, இவர்கள் அதைத் தீர்ப்பாக்கிவிடுகிறார்கள். இதுவரை நாம் கேட்டுப் பார்த்தது சில திசைகளில், சில அலைவரிசைகளில், ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம். சாதாரண வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்பு விண்மீன்களுக்கிடையே போகப் போக மெலிந்து கரைந்துவிடும். யாரோ வேண்டுமென்றே நம் பக்கம் திருப்பி வலுவாக அனுப்பினால்தான் நம் கருவிக்கு எட்டும். நாமே அப்படி அனுப்பியது அபூர்வம். 1974-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்துக்கு ஒரு செய்தி போனது. அது போய்ச் சேரவே ஏறத்தாழ 25,000 ஆண்டுகள்.

சிக்னல் என்றதும் குதிப்பது

1967-இல் வானியல் மாணவி ஜோசலின் பெல் கண்ட, 1.33 விநாடிக்கு ஒருமுறை துடித்த சைகைக்கு விளையாட்டாகச் 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்றே பெயர் வைத்தார்கள். அது பல்சார், அதாவது சுழன்றுகொண்டே துடிப்புத் துடிப்பாக வானொலி அலை வீசும் ஒருவகை விண்மீன். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒகையோவில் வானொலித் தொலைநோக்கியில் 72 விநாடி பதிவான 'வாவ்' சைகை திரும்ப வரவே இல்லை. ஒருமுறை மட்டும் வந்ததைச் சான்றாக வைக்க முடியாது. எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிக் கதை. பல ஆண்டுகள் குழப்பிய ஒருவகைச் சைகை எங்கிருந்து வருகிறது என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள்: வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பு. சூடாகி முடிவதற்குள் யாரோ அவசரமாகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் சிக்னல் வந்திருக்கிறது. இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஈரேழு பதினாலு லோகம்

கோயில் திடலில் நிகழ்ச்சி என்றால் யாராவது சொல்வார்கள். கேலியும் வேண்டாம், "அன்றே சொன்னார்கள்" என்று தலையாட்டலும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் தேதி வைப்பது

டெல்டாவில் அப்போது வானமே கிடையாது. தை பிறந்து, சம்பா அறுப்பு நேரத்தில் வையுங்கள். இருட்டியதும் தெற்கே உயரத்தில் டவ் செட்டி என்ற விண்மீன், அதற்குக் கிழக்கே எப்சிலான் எரிடானி என்ற விண்மீன். இரண்டுமே மங்கல்தான், ஆனால் தெருவிளக்கை விட்டு விலகி வயல் வரப்பில் நின்றால் வெறுங்கண்ணுக்குத் தெரியும். தூரம் முறையே 12 ஒளியாண்டும் பத்தரை ஒளியாண்டும். 1960-இல் டிரேக் முதன்முதலாகத் தன் 26 மீட்டர் ஏரியலைத் திருப்பிக் காது கொடுத்தது இந்த இரண்டுக்கும்தான். "யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்கிறவருக்கு முதலில் இவற்றைக் கையால் காட்டுங்கள், ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்லுங்கள். வோயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் தூரத்தைக் கடக்கவே 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்ட மறக்காதீர்கள். வரப்பில் பாம்பு இருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.