கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் செய்யும்போது நேரும் தவறுகள்

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரவு ஒன்பது மணிக்கு அக்கா மகன் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அழைத்தான். "மாமா, எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை." இரண்டு வருடம் சேர்த்த பணம் அது. குரல் உடைந்துவிட்டது. மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டின் மேல் மூலையில், கணினியின் மூளையான பிராசஸருக்கென்று தனியாக மின்சாரம் தரும் எட்டு முனை இணைப்பு வெறுமையாக இருந்தது. இருபத்து நான்கு முனைக் கேபிளைச் செருகினால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் போய்விடும் என்று நினைத்திருக்கிறான். செருகியதும் திரை வெளிச்சமானது.

அவனுடைய தவறு ஐந்து நிமிடத்தில் சரியாகக்கூடியது. எல்லாத் தவறுகளும் அப்படி இல்லை. சென்னையில் இருப்பவர் பொருத்தமில்லாத பாகத்தை வாங்கிவிட்டால் மாலையிலேயே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்க் கேட்கலாம். திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் நமக்கு அது நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம், அல்லது கூரியரில் போய்வர ஒரு வாரம். வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் கடைகள் இருக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஒரு மதர்போர்டைக் கேட்டால் பெரும்பாலும் வரவழைத்துத்தான் தருவார்கள். ஆகவே நம் ஊரில் இந்த வேலையின் பாதி, பணம் கட்டுவதற்கு முன்பே தாளில் முடிந்திருக்க வேண்டும்.

தாளில் எதைச் சரிபார்ப்பது? முதலில் ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். அதன் இரண்டு வகைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கான போர்டுகள் இரண்டு வகை ராமுக்கும் தனித்தனியாக வந்திருப்பதால், பெயரின் கடைசி எழுத்து வரை படித்த பிறகே வாங்க வேண்டும். அடுத்தது பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கிவைக்க மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். ஏஎம்டி நிறுவனப் பிராசஸர்களுக்காக 2018இல் வந்த பி450 போர்டில் 2020 இறுதியில் வந்த அதே நிறுவனத்தின் ரைசன் 5000 வரிசைப் பிராசஸர் சரியாக உட்காரும். ஆனால் பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது. பிராசஸர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. அது இல்லாவிட்டால், புதுப்பித்துத் தரும்படி விற்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மூன்றாவது திரை. பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸரிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் திரைக்குப் படம் அனுப்பும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் படம் வராது.

இனி மின்சாரம். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவதும், நான் அதிகம் கவலைப்படுவதும் இதுதான். கணினியின் பெட்டியான கேபினெட்டின் உலோகத்தை வெறுங்காலோடு நின்று தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறது. "லேசாகத்தான் அடிக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை மின்கம்பிகளுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே பொருத்தப்பட்டவை. எர்த் கம்பி சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுவதும் ஏறத்தாழ 115 வோல்ட்டில், அதாவது 230இல் பாதியில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உடனே ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே வேறொரு பழுது நேரும் நாளில் உங்களைக் காப்பாற்ற வழியே இருக்காது. மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகள் பலவற்றில் அந்தப் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இருப்பதில்லை. இருந்தாலும், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து வறண்ட மண்ணில் சித்திரை, வைகாசி வெயிலில் எர்த் குழி காய்ந்து பயனற்றுப் போகலாம். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிட்டு, கோடையில் குழிக்குத் தவறாமல் தண்ணீர் விடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஆயிரம் ரூபாயைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள் என்று என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

மோட்டார் ஓடும்போது விளக்கு மங்கும் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பவர் சப்ளையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 100-240 வோல்ட் என்று இருந்தால் அது வோல்டேஜ் இறக்கத்தைத் தாங்கும்; மலிவான பலவற்றில் 200-240 என்றே இருக்கும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதைச் சொல்வது. தரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலின்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

பவர் சப்ளை கேபிள்களில் நான் இழந்தது ஒன்று உண்டு. பழைய பவர் சப்ளையை மாற்றியபோது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கேபிள்கள் ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்ததால் அவற்றை அப்படியே விட்டு, மறுமுனையைப் புதியதில் செருகினேன். அழகாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்ட நொடியில் தீய்ந்த வாடை. அந்த டிஸ்க்கில்தான் ஆச்சியின் கடைசிப் புகைப்படங்கள் இருந்தன. டிஸ்க் பக்கத்து முனை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே அது மாறலாம். பவர் சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் கட்டாயம் மாற்றுங்கள்.

பொருத்தும் வேலையில் பெரிய தவறு, எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் திருகி முடித்த பிறகு முதல் முறையாக மின்சாரம் கொடுப்பது. மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசஸர், அதைக் குளிர்விக்கும் கூலர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை, மானிட்டர், உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டு, இவற்றை மட்டும் இணைத்துப் பாருங்கள். பயாஸ் திரை வந்துவிட்டால், பிறகு வரும் கோளாறு பெரும்பாலும் கேபினெட்டில் ஏற்பட்டது என்று தெரிந்துவிடும்: போர்டைத் தாங்கும் பித்தளைக் கால் ஒன்று தவறான துளையில் நின்று போர்டின் அடியில் உரசுகிறது, அல்லது முகப்புப் பொத்தானின் கம்பி இடம் மாறியிருக்கிறது. ராமை அழுத்தப் பலர் பயப்படுகிறார்கள். டக்கென்ற ஓசை கேட்கும்வரை அழுத்தத்தான் வேண்டும். இரண்டு ராம் என்றால், நான்கு ராம் இடங்கள் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகப்பட வேண்டும்.

பாளையங்கோட்டைக் கோடையில் 38 டிகிரி சாதாரணம். வழக்கமான கூலர் எதுவானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. காற்று உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு விசிறிகளாவது வேண்டும். திசையன்விளைப் பக்கம் இருப்பவர்கள் கேபினெட்டைத் தரையில் வைக்க வேண்டாம். ஆடிக் காற்றில் தேரியின் செம்மண் வடிகட்டியை அடைத்துவிடும்.

டிடிஆர்5 போட்ட புதிய கணினி முதல் முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கருந்திரையோடு நிற்கும். பதறி அணைத்துவிடாதீர்கள். போர்டில் ராம், பிராசஸர் என்று பெயரிட்ட சிறு விளக்குகள் இருந்தால், எங்கே நிற்கிறது என்பதை அவை காட்டும்.

படம் வந்த மகிழ்ச்சியில் அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட வேண்டாம். வாரண்டிக்கு அனுப்பும்போது பெட்டியில் உள்ள எண்ணையும் பில்லையும் கேட்கக்கூடும். பரணில் கறையான் ஏறாத மூலையாகப் பார்த்து வையுங்கள். பில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடலாம். அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.