மனநல ஓபிக்கு ஆளைக் கூட்டிப் போக

உலகத்தில் எட்டுப் பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. எங்கள் தெருவில் மட்டும் யாருக்குமே இல்லையாம்!

வாரக்கணக்கில் தூக்கம் போய், பேச்சு குறைந்திருந்தால் முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ். இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

நேரில் காட்ட, எங்கள் பக்கத்தில் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அம்பையிலிருந்து மதினியை நான் கூட்டிப் போவது அங்கேதான். சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று சத்தமாகவே சொல்லுங்கள்; பின்னால் நிற்பவர் பார்த்தால் பார்க்கட்டும்.

முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எப்போதிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடு எப்படி, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது. டாக்டரைப் பார்த்ததும் மதினி, "நல்லாத்தான் இருக்கேன்" என்றுவிட்டார். மடித்த தாளை நான் நீட்டிய பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. கையில் மந்திரித்த கயிறு இருந்தால் இருக்கட்டும், அதற்காகச் சண்டை போட்டுப் பயணத்தைக் கெடுக்காதீர்கள்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். "சரியாயிட்டு" என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஓபி நேரமெல்லாம் பார்க்காதீர்கள். தனியாக விடாமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.