துத்தநாக ஆக்சைடு மென்படலத்தில் புறஊதா ஒளியைக் கூட்டும் வழி

துத்தநாக ஆக்சைடில் எக்சிட்டானின், அதாவது ஒன்றோடொன்று பிணைந்த எலக்ட்ரான்-துளை இணையின், பிணைப்பாற்றல் சுமார் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதைக் குலைக்கக்கூடிய அறைவெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ ஏறத்தாழ 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. எனவே எக்சிட்டான் குலையாமல் நின்று, 380 நானோமீட்டர் அருகே புறஊதா ஒளியை உமிழ்கிறது. படலத்தில் குறைபாடுகள் மிகுந்தால் புறஊதாவாக வரவேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு 500 முதல் 550 நானோமீட்டர் வரையிலான பச்சை ஒளியாகவும், இன்னொரு பங்கு வெறும் வெப்பமாகவும் போய்விடும்.

படலம் பூசும் கரைசலுக்கு, ஐம்பது மில்லிலிட்டர் 2-மெத்தாக்சி எத்தனால் என்னும் கரைப்பானில் 5.49 கிராம் துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட்டையும் 1.5 மில்லிலிட்டர் மோனோ எத்தனாலமைனையும் சேர்த்து, 60 டிகிரி செல்சியசில் தெளியும்வரை கலக்கி, மூடி ஒரு நாள் ஊறவிட வேண்டும். இக்கரைப்பானின் ஆவி நச்சுள்ளது. புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்கலாகாது.

பூச்சுக்குத் திருநெல்வேலிப் பருவங்கள் இரண்டு இடையூறு செய்கின்றன. ஆடிக்காற்று கொண்டுவரும் செம்மண் தூசியில் ஒரு துகள் தகட்டில் அமர்ந்தாலும், கரைசலைப் பரப்பத் தகட்டை நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் சுழற்றும்போது அதன் பின்னே வால்மீன் போன்ற கோடு விழும். சன்னலை அடைத்துவிட்டே பூச வேண்டும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, ஈரப்படலம் கண்ணெதிரே பால்போல் வெளிறிவிடக்கூடும். பூசியவுடன் தகட்டை 250 முதல் 300 டிகிரி வரையுள்ள சூட்டுத்தட்டில் பத்து நிமிடம் வைத்து, பிறகே அடுத்த பூச்சைத் தொடங்குவது நல்லது.

ஒளியின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இறுதிச் சூடாக்கலே என்பது என் கருத்து. வெப்பம் குறைந்தால் படிகத் துகள்கள் சிறுத்து, எல்லைகளில் ஒளி இழக்கப்படும். அளவுமீறினால் ஆக்சிஜன் வெளியேறிப் பச்சை ஓங்குவதோடு, சாதாரணக் கண்ணாடியிலிருந்து சோடியமும் படலத்துள் ஊடுருவும். ஆகவே ஒரே கரைசலில் ஒரே தடிமனுடைய தகடுகளை 350, 400, 450, 500 டிகிரிகளில் தனித்தனியே ஒரு மணி நேரம் காற்றில் சூடாக்கி, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட வேண்டும்.

அளக்கும்போது 325 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, உமிழ்வின் நிறமாலையில் புறஊதா முகட்டின் பரப்பைப் பச்சை முகட்டின் பரப்பால் வகுக்க வேண்டும். அவ்விகிதத்தோடு புறஊதாச் செறிவும் உயர்ந்துள்ளதா எனப் பார்த்தே வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பச்சை மட்டும் மங்கினாலும் விகிதம் ஏறிவிடும். 650 நானோமீட்டரில் கூரிய முகடு தெரிந்தால் மகிழ வேண்டாம். அதைச் சிவப்பு உமிழ்வென்று நம்பி ஒரு வாரம் வீணடித்தவன் நான்; அது பாய்ச்சிய ஒளியின் இரண்டாம் வரிசை நிழல்தான் (நிறமாலைமானியின் கீற்றணி 325ஐ அதன் இரு மடங்கான 650இலும் காட்டும்), உமிழ்வின் பாதையில் 325ஐத் தடுக்கும் வடிகட்டியை வைத்ததும் மறைந்துவிட்டது.