ஈரல் ஆபரேஷனுக்கு முன்: நார்மல் ரிப்போர்ட்டை நம்பி ஏமாறாதீர்கள்

ஈரலில் பெரிய ஆபரேஷன் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்பது, எவ்வளவு வெட்டி எடுப்பார்கள் என்றுதான். எவ்வளவு மிச்சம் இருக்கும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த மிச்சத்தால் சமாளிக்க முடியாமல் ஈரல் செயலிழந்துவிட்டால், அப்புறம் மருத்துவர்கள் கையில் பெரிதாக எதுவும் இருக்காது.

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் என்சைம்கள் நார்மல், அதனால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அவை ஈரல் செல்கள் இப்போது சேதமாகின்றனவா என்று காட்டுமே தவிர, ஈரலின் வேலைத்திறனைச் சொல்லாது. முற்றிய சிரோசிஸிலும், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போன நிலையிலும், நார்மலாக வரலாம். பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), ஆல்புமின் (ஈரல் தயாரிக்கும் புரதம்), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் திறன்) மூன்றையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்து, ஈரல் பாதிப்பின் தீவிரத்தைச் சொல்லும் சைல்ட்-பியூ கணக்கில் மிக லேசான 'ஏ' வந்தாலும் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். பிலிருபின் 0.9 என்று நார்மல், ஆனால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்து 82,000, ஸ்கேனில் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், ஈரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கவனிக்காமல் பெரிய துண்டை எடுப்பது ஆபத்து.

அடுத்த தவறு, எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே அளவு வைப்பது. ஆரோக்கியமான ஈரலென்றால் சுமார் 20 சதவீதம் மிஞ்சினால் போதும், நிறைய கீமோ எடுத்தவருக்கு 30, சிரோசிஸ் உள்ளவருக்கு 40 வேண்டும். இதை சிடி ஸ்கேனில் அளக்க வேண்டும், கட்டியின் அளவைக் கழித்துவிட்டு. வலது பக்கம்தான் பொதுவாக ஈரலில் மூன்றில் இரண்டு பங்கு, அதை எடுத்தால் இடது பக்கம் தாங்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மிச்சம் போதாதென்றால், எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டு, மறுபக்கம் வளர 4 முதல் 6 வாரம் காத்திருப்பார்கள். கட்டி பெரிதாகிவிடுமே என்ற பயம் நியாயம்தான், ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள். அத்தனை நாள் விட்டும் மறுபக்கம் வளரவில்லை என்றால் அதுவே ஒரு எச்சரிக்கை, அந்த ஈரலுக்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம்.

குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள், அவமானம் பார்க்கிற நேரம் இல்லை இது. கீமோ எடுத்திருந்தால் மருந்துகளின் பெயர், கடைசி டோஸ் போட்ட தேதி இரண்டையும் எழுதி எடுத்துப் போங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் ஈரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும், இரினோடீகான் கொழுப்பும் அழற்சியும் சேர வைக்கும், இரண்டுமே சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.