சென்னைக்கு முதன்முறை செல்லும் பர்மாத் தமிழருக்கு: நகருக்குள் போய்வர ஒரு வழிகாட்டி

பர்மாவில் 1970 ஆம் ஆண்டு முதல் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன. தமிழ்நாட்டில் அவை இடப்பக்கமாக ஓடுகின்றன. தாயகம் செல்லும் நம்மவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோருக்கு, நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். யாங்கூனில் சாலையைக் கடக்கும்போது நம் கண் தானாகவே முதலில் இடப்பக்கம் திரும்பும். சென்னையில் முதல் வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். யாங்கூன் நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், வண்டிகளுக்கு நடுவே புகுந்து வரும் பைக்குகளை எதிர்பார்த்து நடக்கும் பழக்கமும் நம்மில் பலருக்கு இல்லை. சென்னையில் சிக்னலில் பேருந்துகள் நின்றிருந்தாலும் அவற்றின் இடுக்கில் பைக் வரும். ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையிலிருந்தும் வரும். ஆகவே இருபுறமும் பார்த்து, முடிந்தவரை உள்ளூர்க்காரர்கள் கடக்கும்போது அவர்களோடு சேர்ந்து கடந்துவிட வேண்டும். டாக்சியிலிருந்து இறங்கும்போது இடப்பக்கக் கதவையே திறக்க வேண்டும். அதையும் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

யாங்கூனில் சூலே பகோடாவை நடுவாக வைத்துத் தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்திருப்பதால், நகரின் நடுப்பகுதியில் புதியவர்கூட வழி தவறுவது அரிது. சென்னைக்கு அப்படி ஒரே நடு கிடையாது. பாரிமுனை, எழும்பூர், மயிலாப்பூர், தியாகராய நகர், அண்ணா நகர் என்று ஒவ்வொன்றும் தனக்கென்று கடைவீதியும் கோயிலும் கொண்ட தனித்தனி ஊராகவே இயங்குகிறது. கிழக்கே கடல் என்பதை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, சில பெரிய சாலைகளைத் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கிவிடும். கோட்டைப் பக்கத்திலிருந்து தென்மேற்காகக் கிண்டி நோக்கிச் செல்வது அண்ணா சாலை. அதைத் தொடர்ந்து விமான நிலையம், தாம்பரம், வண்டலூர் என்று தெற்கே நீள்வது ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை. சென்ட்ரலிலிருந்து மேற்கே கோயம்பேடு நோக்கிச் செல்வது பூந்தமல்லி நெடுஞ்சாலை. கடலோரமாகத் தெற்கே மகாபலிபுரம் வழியே செல்வது கிழக்குக் கடற்கரைச் சாலை. அதற்குச் சற்று மேற்கே, கணினி நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலை. காலையில் அண்ணா நகர், மதியம் திருவான்மியூர், மாலையில் பாரிமுனை என்று திட்டமிட்டால் பொழுதெல்லாம் வண்டியிலேயே கழியும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்வதுதான் உடம்புக்கும் பணத்துக்கும் நல்லது.

சாலைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பது நமக்குப் புதிதல்ல. ஷ்வேபோன்தா தெருவை இன்றும் மொகல் தெரு என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சென்னையிலும் அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்பார்கள். பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பலகையில் இருப்பதைப் பூந்தமல்லி ஹை ரோடு என்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையை ராஜீவ் காந்தி சாலை என்று எவரும் வாயால் சொல்வதில்லை; அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ஓஎம்ஆர் என்றால்தான் தெரியும். டாக்டர் எம்.ஜி.ஆர். பெயர் 2019 இல் சூட்டப்பட்ட ரயில் நிலையமும் பேச்சில் சென்ட்ரல்தான். உறவினர் ஒரு பெயரும் வரைபடம் இன்னொரு பெயரும் காட்டினால் திகைக்க வேண்டாம். ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொல்வதே எளிது.

முகவரி வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. பல தெருக்களில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் உண்டு. இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் நகரத்தில் எத்தனையோ இருப்பதால் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கட்டாயம் கேட்க வேண்டும்: 600004 என்றால் மயிலாப்பூர், 600005 என்றால் திருவல்லிக்கேணி, 600017 என்றால் தியாகராய நகர். அதோடு அருகிலுள்ள கோயில், பள்ளிக்கூடம், திருமண மண்டபம் ஏதாவது ஒன்றின் பெயரும் கையில் இருந்தால், தெருமுனைக் கடைக்காரர் வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்லிவிடுவார்.

சென்னையில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். பெட்டிகள் அதிகம் இல்லாதவர்களுக்கு மெட்ரோ ரயிலே சிறந்த வழி. நிலையம் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் நடந்தே போய்விடலாம். அங்கே புறப்படும் நீல வழித்தடம் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு வழியாகச் சென்ட்ரலுக்கும், அதற்கு அப்பால் உயர் நீதிமன்றம், மண்ணடி கடந்து விம்கோ நகருக்கும் செல்கிறது. வடபழனிக்கோ கோயம்பேட்டுக்கோ போகிறவர்கள் ஆலந்தூரில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். கவுன்டரில் க்யூஆர் குறியுள்ள காகிதச் சீட்டு தருவார்கள். வெளியே வரும்போதும் அதைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்பதால் கசக்கி எறிந்துவிடக் கூடாது. கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50 ரூபாய். மின்தூக்கியும் குளிர்சாதனமும் இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். இரவு ஏறத்தாழ பதினொரு மணியோடு சேவை நின்றுவிடும். நள்ளிரவில் இறங்குகிறவர்கள் முன்பணம் கட்டும் டாக்சிக் கவுன்டரில் சீட்டு வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. முனைய வாசலில் வந்து பெட்டியைத் தொடுகிறவர்களோடு பேரம் பேசவே வேண்டாம்.

மெட்ரோவுக்கு முன்பிருந்தே சென்னையைத் தாங்கி வருவது புறநகர் மின்சார ரயில். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் ஓடும் இந்தத் தடம் இப்போது செங்கல்பட்டு வரை செல்கிறது. நம் யாங்கூன் வட்ட ரயில் போல் சுற்றி வராமல், இது வடக்கு தெற்காக நேராக ஓடுவது. ஆகவே தவறான நடைமேடையில் ஏறினால் காத்திருந்தால் ஊர் வந்து சேரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது, இறங்கித் திரும்பத்தான் வேண்டும். குறைந்த கட்டணம் 5 ரூபாய். பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. காலை எட்டு முதல் பத்து மணி வரையும், மாலை ஐந்து முதல் எட்டு மணி வரையும் கைக்குழந்தையோடும் மூட்டையோடும் இதில் ஏறுவதைத் தவிர்த்துவிட வேண்டும்.

துணி, நகை வாங்கத் தியாகராய நகர் போகாமல் நம்மவர்கள் திரும்புவதில்லை. அங்கே காரில் போவதைப் போல் நேரத்தை வீணாக்கும் வழி வேறில்லை. மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு காலடியில் இருக்கிறது. அந்தத் தெரு நெரிசலைத் தாங்க முடியாதவர்கள், 2023 இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில் ஏறித் தலைக்கு மேலாகவே தி.நகர் பேருந்து நிலையம் வரை நடந்துவிடலாம். பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். பெரியவர்களை அங்கே ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போய்வரலாம்.

பறக்கும் ரயில் என்று சொல்லப்படும் உயர்த்தப்பட்ட தடம் கடற்கரையிலிருந்து வேளச்சேரி நோக்கிச் செல்கிறது. பார்த்தசாரதி கோயிலுக்குத் திருவல்லிக்கேணி நிலையத்திலும், கபாலீஸ்வரர் கோயிலுக்குத் திருமயிலை நிலையத்திலும் இறங்கி நடக்கலாம். பகலில் நல்ல வசதிதான். ஆனால் அதன் நிலையங்கள் மிகப் பெரியவை, ஆள் நடமாட்டம் குறைந்தவை. இருட்டிய பிறகு தனியாகச் செல்லும் பெண்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நம்மில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது போக வேண்டிய இடம் பர்மா பஜார். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுத் தாயகம் திரும்பிய நம் மக்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள் அவை. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையோரத்தில் வரிசையாக இருக்கின்றன. மெட்ரோவில் வருகிறவர்கள் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மாலையில் போனால் அருகிலுள்ள தெருக்களில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் கடைகள் விளக்கேற்றியிருக்கும். கடைக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையால் பிசைந்து, முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவி, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பை ஊற்றி வைப்பார். நம் ஊர்ச் சுவை அங்கே சற்று மாறித்தான் இருக்கிறது. ஆனாலும் பர்மாவிலிருந்து வந்தவர் என்று சொன்னால், எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுத்தான் காசு வாங்குவார்கள்.

மாநகரப் பேருந்துகளுக்கு எண்ணும் எழுத்தும் சேர்ந்த பெயர்கள் உண்டு. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்வது 29சி என்பது போல, எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும் என்பதால் முழுவதையும் படித்த பிறகே ஏற வேண்டும். முன்பக்கம் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இடப்பக்க இருக்கைகள் பெரும்பாலும் பெண்களுக்கு உரியவை. அங்கே ஆண்கள் உட்காருவது மரியாதையாக இராது. கூட்டத்தில் நடத்துநர் தம் இருக்கையை விட்டு எழுந்து வர மாட்டார். இறங்கும் இடத்தைச் சொல்லிப் பணத்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தால், அது கைமாறிக் கைமாறிப் போய், சீட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வந்துவிடும்.

ஆட்டோவைப் பற்றித்தான் நம்மவர்களுக்கு அச்சம் அதிகம். அரசு 2013 இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அந்தக் கணக்கில் 5 கிலோமீட்டருக்கு 63 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் கேட்கிறார்கள், மீட்டர் போடுவதும் அரிது. யாங்கூனில் நாம் பயன்படுத்தும் கிராப் அங்கே இல்லை. ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி ஆகிய செயலிகளில் ஒன்றைத் திறந்து, போகும் இடத்துக்கு என்ன தொகை காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, தெருவில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் அதை ஒட்டிப் பேசினால் பெரிதாக ஏமாற மாட்டோம். "அண்ணா, மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் போகணும், எவ்வளவு ஆகும்?" என்று ஏறுமுன் கேளுங்கள், ஏறிய பின் கேட்கக் கூடாது. தொகை கூடுதலாகப் பட்டால் "பரவாயில்லைண்ணா" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினால் போதும். நாம் வீட்டில் பேசும் தமிழே இதற்கெல்லாம் தாராளம். கூச்சப்பட்டு ஆங்கிலத்தில் தொடங்கினால்தான் தொகை ஏறுகிறது. ஓர் ஆட்டோவில் மூன்று பேருக்குத்தான் அனுமதி என்பதால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் கார் வைத்துக்கொள்வதே சிக்கனம். சிறு தூரத்துக்குப் பிரதான சாலைகளில் ஓடும் ஷேர் ஆட்டோவும் நல்லதே.

செயலிகள் வேலை செய்ய இந்தியக் கைபேசி எண் மிகவும் உதவும். சிம் வாங்கக் கடவுச்சீட்டு, விசா இரண்டின் நகலும் புகைப்படமும் கொண்டு செல்லுங்கள். எண் இயங்கத் தொடங்கும் வரை உறவினர் ஒருவர் தம் கைபேசியில் வண்டி பதிவு செய்து, வண்டி எண்ணையும் நான்கு இலக்க ரகசிய எண்ணையும் நமக்கு அனுப்பலாம். இளநீர்க் கடை வரை கைபேசியில் பணம் செலுத்தும் க்யூஆர் அட்டை தொங்கினாலும், இந்திய வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு ரொக்கமே துணை. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் எப்போதும் பையில் இருக்கட்டும். நம் சாட் பணத்தை அங்கே மாற்ற முடியும் என்று நம்பிப் போக வேண்டாம். மடிப்பில்லாத டாலர் தாள்களைக் கொண்டுபோய் அங்கீகாரம் பெற்ற கடையில் மாற்றுங்கள். தங்கும் விடுதி வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் வசதி உள்ளதா என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். நாம் தமிழ் பேசினாலும் நம் கடவுச்சீட்டு வெளிநாட்டுடையது. அந்த வசதி இல்லாத விடுதிகள் வாசலிலேயே மறுத்துவிடும்.

பர்மாவில் மழை விட்டுப் பருவம் இதமாகும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் நம்மவர்கள் புறப்படுவது வழக்கம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவது அப்போதுதான். கனமழை நாளில் ரயில் பாதைகளுக்கு அடியே செல்லும் சுரங்கச் சாலைகளில் நீர் தேங்கி, போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அன்று மெட்ரோவை நம்புங்கள். தவிர, மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பல சாலைகளில் தடுப்புகள் வைத்துப் பாதைகளை மாற்றியிருக்கிறார்கள். வரைபடம் அரை மணி என்றால் முக்கால் மணி என்றே கணக்கிடுங்கள். ஜனவரி இறுதியும் பிப்ரவரியும் முதல் பயணத்துக்கு எல்லாவிதத்திலும் ஏற்றவை.

பூர்வீக ஊர் ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் என்றால், தென்மாவட்ட ரயில்கள் எழும்பூரிலிருந்து புறப்படுகின்றன, சென்ட்ரலிலிருந்து அல்ல. காரைக்குடிக்குப் பல்லவனும், ராமேஸ்வரத்துக்குச் சேதுவும் அங்கிருந்து கிளம்புபவை. நிலையச் சீரமைப்புப் பணிகளால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து இயக்கப்படுவதும் உண்டு என்பதால், சீட்டில் உள்ள நிலையப் பெயரை முதல் நாளே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பொங்கல், தீபாவளி நாள்களில் இடம் கிடைப்பது கடினம். பேருந்தில் போகிறவர்களிடம் பெரியவர்கள் கோயம்பேட்டுக்குப் போகச் சொல்லுவார்கள்; அது பழைய செய்தி. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்தே தெற்கே செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் புறப்படுகின்றன. அது வண்டலூருக்கு அப்பால், ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது. மின்சார ரயிலில் வண்டலூர் வரை சென்று அங்கிருந்து மாநகரப் பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். நகரின் நடுவிலிருந்து நேரே காரில் போகிறவர்கள், மாலை நேரமானால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும்.