பிள்ளை பெற்ற வீட்டில் பாரிசவாதம் போல வந்தால்

பிள்ளை பெற்று ஒரு கிழமை. தாய்க்கு மண்டை பிளக்கிற தலையிடி, பின்னேரம் இரண்டு கண்ணும் மங்கல், இரவில் வலிப்பு. வலிப்பு விட்டபின் ஒரு கை சோர்ந்து கிடந்தால் வீட்டார் பாரிசவாதம் என்பார்கள். பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் ஆள் தேடுவோரும் உண்டு.

இது ‘பிரெஸ்’ (PRES) என்ற மூளை வீக்கமாக இருக்கலாம். 1996இல் இந்த மூளை வீக்கம் தனியாக விவரிக்கப்பட்டது. பிரஷர் திடீரென ஏறும்போது மூளையின் சிறு குழாய்கள் நீரைக் கசியவிடும். பின்பகுதிதான் கூடுதலாக வீங்கும். பார்வைக்கான இடமும் அங்கேதான், அதனால் கண்ணில் குறை இல்லாமலே பார்வை போகும். சிறுநீரக நோயாளர், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றி, அதை உடல் ஏற்க டக்ரோலிமஸ் மருந்து குடிப்பவர்களுக்கும் வரும். நேரத்துக்கு வைத்தியம் கிடைத்தால் பெரும்பாலும் சில நாட்களில், சில கிழமைகளில் மாறிவிடும். தாமதித்தால் மூளையில் இரத்தம் கசிந்து நிரந்தரக் குறையும் வரலாம்.

பிரெஸ்ஸா பாரிசவாதமா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது, முயலவும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதி வையுங்கள். உண்மையில் குழாய் அடைத்த பாரிசவாதம் என்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். வாகரை, பொத்துவில் போன்ற தூர இடங்களில் பாதி நேரம் பாதையிலேயே போய்விடும்.

வலிப்பு வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதாலோ வாயில் கரண்டி வைப்பதாலோ வலிப்பு நிற்காது, பல்தான் உடையும். கோப்பி, கசாயம் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். வீட்டில் சீனி பார்க்கும் மெசின் இருந்தால் பாருங்கள்: சீனி இறங்கினாலும் கை கால் சோரும். 70க்குக் கீழே காட்டி, ஆள் தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால் மட்டும் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுக்கலாம்.

மாமியாரின் பிரஷர் குளிசையை நாக்குக்கு அடியில் வைப்பதுதான் பெரிய பிழை. பிரஷர் சட்டென்று விழுந்தால் மூளைக்குப் போகும் இரத்தமும் குறையும். அஸ்பிரினும் வேண்டாம், உள்ளே இரத்தக் கசிவா என்று ஸ்கான் பார்க்காமல் தெரியாது.

ஆஸ்பத்திரியில் முதல் வசனமே “பிள்ளை பெற்று இத்தனை நாள்” என்பதாக இருக்கட்டும். கிளினிக் அட்டையையும் குடித்த மருந்துகளையும் கொண்டு போங்கள். சிடி ஸ்கானில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐதான் வீக்கத்தைத் தெளிவாகக் காட்டும். பிரசவத்தோடு வந்த வலிப்பென்றால் வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஏற்றுவார்கள்: வழக்கமாக முதலில் 4 கிராம், பிறகு மணிக்கு 1 கிராம், 24 மணித்தியாலம். பிரஷரை முதல் சில மணித்தியாலங்களில் காற்பங்குக்கு மேல் குறைக்க மாட்டார்கள். “இன்னும் இறங்கவில்லையே” என்று தாதியரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின் ஆறு கிழமை வரை இந்த ஆபத்து உண்டு. மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு மெசின் என்றால், சலம் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பாருங்கள். கைப்பட்டி சிறிதென்றால் பொய்யாகக் கூட்டிக் காட்டும். 140/90 என்றால் அன்றே காட்ட வேண்டும். 160/110 என்றாலோ, பிரஷர் எவ்வளவாக இருந்தாலும் தலையிடியோடு கண் மங்கினாலோ விடியும்வரை இருக்க வேண்டாம்.